வசில் ஜூபாக்குக்கு எடுத்த விழா

வடக்கு முனையில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்று இல்கோ தீர்மானித்துவிட்டால் அந்த ஆள் தப்பித்த சரித்திரம் கிடையாது. கனடாவின் வின்னிபெக் நகரத்தில், வடக்கு முனை என்ற அந்தப் பகுதியின் செல்கர்க் அவென்யூவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த இல்கோ, தேவாலயக் கூடத்தின் கமிட்டித் தலைவனும்கூட. பாதர் அந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆனதற்கு விழா எடுத்தான். மணி அடிக்கிறவருக்கு விழா எடுத்தான். கூடத்துக் கொதிகலன் ஒரு குளிர்காலம் முழுக்க மக்கர் பண்ணாமல் ஓடியதற்காக அதன் குழாயில் காகிதப்பூ கட்டி, எதிரே வரிசையாக நின்று எல்லாரும் பல்லாண்டு பாடினார்கள். மரியாதைக்குக் கட்டுப்பட்டதோ என்னவோ, அது மேலும் மூன்று குளிர்காலம் ஓடியது. உக்ரைனிலிருந்து வந்து அங்கே வேர்பிடித்த அந்தச் சனங்களின் வழக்கம் அது. விழா எடுப்பது ஆளை இருக்கவைப்பதற்கு. பாட்டு முடிந்ததும் பாதர் பூசைக்குப் போனார், மணி அடிக்கிறவர் மணி அடிக்கப் போனார்.

ஆகவே அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இல்கோ தேவாலய நிலவறைக்குள் இறங்கிவந்து, வசிலுக்கு விழா எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தபோது வசிலின் மனைவி தோஸ்யா கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. வெள்ளிதோறும் பெண்கள் அங்கே கூடிப் பெரோகி மடிப்பார்கள். உருளைக்கிழங்கு மசியலை மாவு வட்டத்துக்குள் வைத்து ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். தேவாலயத்தின் கூம்பே இந்தப் பெரோகியை விற்றுத்தான் எழும்பியது. கிள்ளல் சரியில்லாவிட்டால் கொதிநீரில் வாயைப் பிளந்துவிடும். தோஸ்யா கிள்ளியது பிளந்ததே இல்லை.

"எதுக்கு இப்ப?" என்றாள் தலை நிமிராமல்.

"எதுக்கா? பேப்பர் பாக்கலையா, கூமோ? அமெரிக்காலேருந்து ஒருத்தன எறக்கிருக்கானுங்க. லைல்னு பேரு. ஃபுட்பால் டீம்ல நம்ம வசிலோட எடத்துக்கு."

இல்கோ அவர்களுடைய பெண்ணுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவன் அவளைக் கூமோ என்பான், வசிலும் அவனும் ஒருவரையொருவர் கூமே என்பார்கள். அந்த உறவு கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேல், தொல்லையிலும்.

"அதான் நேரா டீம் மேனேஜர்கிட்டயே போயிட்டேன்" என்றான் இல்கோ. "எங்க சனம் மொத்தமும் திரண்டு வரும், அவனுக்கு ஒரு விழா எடுக்கணும்னேன். கைய விடாமக் குலுக்குனார். சுருட்டு குடுத்தார். ஃபிரிட்ஜே குடுத்துரலாம்னார். சனம் அவன் பின்னாடி நிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் எவன் அவன ஒக்காரவைப்பான், சொல்லு?"

ஃபிரிட்ஜ் என்ற சொல்லுக்குத்தான் நிலவறையே நிமிர்ந்து பார்த்தது. ஒரு பெண்மணி மாவுக் கையோடு சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். தோஸ்யாவின் கையும் அப்போதுதான் நின்றது.

நிற்கக் காரணம் இருந்தது. வசில் ரயில்வே யார்டின் ஐஸ் கிடங்கில் வேலை செய்தான். இறைச்சியும் பழமும் ஏற்றிய வேகன்களின் கூரைத் திறப்புகளில் ஐஸ் பாளங்களைத் தள்ளி இறக்குவது அவன் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் வீட்டு ஐஸ்பெட்டி ஒழுகியது. அடியில் வைத்த தட்டைக் கொட்ட மறந்தால் சமையலறையில் காலுறையோடு நடக்க முடியாது. தோஸ்யா அந்தத் தட்டைக் கல்யாணத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள்.

வசிலை ஃபுட்பால் அணிக்காரர்கள் கண்டெடுத்ததும் அந்த ஐஸ் மேடையில்தான். ஒருநாள் பாளம் ஒன்று கொக்கியிலிருந்து நழுவி, சரிவில் நின்றிருந்த ஃபோர்மனை நோக்கிப் போனது. வசில் குறுக்கே போய்க் குனிந்து தோளைக் கொடுத்தான். பாளம் நின்றது. வேறு எதற்கோ யார்டுக்கு வந்திருந்த அணிச் செயலர் முதலில் பாளத்தின் எடையை விசாரித்தார். பிறகுதான் வசிலின் பெயரை விசாரித்தார்.

அது நடந்து பத்துப் பருவங்கள் ஆகியிருந்தன. கனடிய ஃபுட்பாலில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். எறிகிறவன், பிடிக்கிறவன், ஓடுகிறவன் பெயர்களை ரேடியோக்காரன் தொண்டை கிழியச் சொல்வான். வசில் முன்வரிசைக்காரன். எதிரே குனிந்திருப்பவனை அவன் நிற்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துவது அவன் வேலை. ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. தவறினால் ஊருக்கே தெரியும். பத்து வருஷத்தில் ஒரே ஒரு முறை பந்து அவன் கைக்கு வந்தது, அதுவும் தானாக உருண்டு. யாருடையதோ என்று நடுவரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டான். பண்பான மனிதர் என்று எதிரணியினர் மனமுவந்து பாராட்டினார்கள்.

மூக்கு இரண்டு முறை திசை மாறியிருந்தது. கைவிரல்களில் எந்த விரலும் பக்கத்து விரலோடு பேச்சுவார்த்தையில் இல்லை. ஆட்ட நாள் காலையில் தோஸ்யா அவற்றை ஒவ்வொன்றாகத் துணிப்பட்டையால் சுற்றிச் சமரசம் செய்துவைப்பாள். சாயங்காலம் முழங்காலுக்கு ஐஸ் கட்டுவாள். ஐஸுக்கு மட்டும் அந்த வீட்டில் பஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மேனேஜர் ஹாட்லியே வீடு தேடி வந்தார். வடக்கு முனைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை என்பது காரை அவர் மூன்று முறை பூட்டியதிலிருந்து தெரிந்தது. இல்கோவும் வந்து, ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் போல, நாற்காலி எடுத்துப் போட்டான். தோஸ்யா பீட்ரூட் சூப்பில் புளித்த பாலாடை மிதக்கவிட்டுக் கொடுத்தாள். ஹாட்லி சந்தேகமாகத் தொடங்கி இரண்டாம் கிண்ணம் கேட்டார். விழா சனிக்கிழமை ரெஜைனா அணியோடு நடக்கும் ஆட்டத்தின் நடுவே, அரைநேர இடைவேளையில். வாத்தியக் குழு வரும். ஃபிரிட்ஜ் லாரியில் வரும். மிஸஸ் ஜூபாக்குக்கு ரோஜாப் பூங்கொத்து.

"மிஸஸ் ஜூபாக் மைக்ல ஒரு வரி சொன்னாப் போதும். 'நன்றி, இந்த நாளை என் கணவர் என்றும் மறக்கமாட்டார்.' அவ்வளவுதான். மிஸ்டர் ஜூபாக் கோட்டு சூட்டுல வந்தா நல்லா இருக்கும்."

"சூட்டு எதுக்கு?" என்றாள் தோஸ்யா. "மொத பாதி ஆடிட்டு அப்படியேதான வருவாரு?"

ஹாட்லி உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அவர் ஆட வேண்டாம். பத்து வருஷம் ஆடிட்டார். ஜாலியா ஒக்காந்து பாக்கட்டும். அவரோட சட்டைய எங்க ஆபீஸ்ல கண்ணாடிப் பொட்டியில வைக்கப்போறோம். அந்த நம்பர இனிமே யாரும் போடமாட்டாங்க."

"அவரும்?"

"அவரும்தான்" என்றார் ஹாட்லி, இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. "விழான்னா அதானே."

இல்கோவின் முகத்தில் இருந்த சிரிப்பு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனது. தங்கள் சனம் ஆளை நிறுத்திவைக்க விழா எடுக்கும், இவர்கள் ஆளை அனுப்பிவைக்க விழா எடுப்பார்கள் என்பது, கொதிகலனுக்கே விழா எடுத்த அவன் புத்திக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை. சுருட்டின் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது.

ஹாட்லியின் கார் தெருமுனை திரும்பியது. வசில் சூப்பைக் குடித்து முடித்தான், ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்றாங்க. எனக்கே சூட்டப் போட்டு நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. தூக்கிட்டுப் போற செலவும் மிச்சம்."

"கூமே, நான் நல்லதுக்குன்னுதான்..."

"தெரியும் கூமே. நீ நல்லதுக்குன்னு எனக்கு முடிவெட்டி விட்டதே இன்னும் ஞாபகம் இருக்கு."

இல்கோ மறுநாளே ஓடிப்போய் விழாவை நிறுத்தச் சொன்னான். அவனே கடையில் முடிவெட்ட வந்தவர்களுக்கெல்லாம் நுழைவுச்சீட்டு விற்றதில், வடக்கு முனை முழுதும் வாங்கியாகிவிட்டது என்று ஹாட்லி மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அப்போதும் ஒரு சுருட்டு கொடுத்தார்.

நான் போகவே போவதில்லை என்றான் வசில். புதன்கிழமை சாயங்காலம் அது. அவன் காலை வாளி ஐஸில் வைத்திருந்தான். தோஸ்யா தரையில் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போகலேன்னா, 'பாவம், ஒடம்பு முடியல, எழுந்து வரக்கூட முடியல'ன்னு அந்தாளு மைக்ல சொல்லுவான். அது ரேடியோல வரும். யார்டுல எல்லாரும் கேப்பாங்க."

"போனா மட்டும்?"

"போனா மைக்கு நம்ம கைக்கு வரும்ல."

வசில் நிமிர்ந்து பார்த்தான். அவள் துணியைப் பிழிந்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு" என்றாள். "அங்க ஊரு பாக்குது, இங்க இல்கோ பாக்குறான், அதெல்லாம் விடு. ஒனக்கு இன்னும் ஆடணுமா? முட்டிய தொட்டுச் சொல்லு."

"முட்டி ஓடறதுக்குத்தான் ஒத்துவராது. நான் எப்ப ஓடுனேன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் வாளிக்குள் பார்த்துக்கொண்டு யோசித்தான். அவனுக்கு யோசிப்பது என்பது பாளம் நகர்த்துவதைவிடக் கஷ்டமான காரியம். அவசரப்படுத்தினால் நழுவிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நாள் முழுக்க ஐஸத் தள்றேன், தோஸ்யா" என்றான் கடைசியில். "அது திருப்பித் தள்றதில்ல."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கும் கேட்க ஒன்றுமில்லை.

"லைல் பெரிய ஆளுதான" என்றாள், துணியை உதறிக்கொண்டே.

"பெரிய ஆளு. நல்ல ஆளும்தான். நிமுந்து நிக்கறான். ரெஜைனாக்காரன் அவன் கக்கத்துக்குள்ள பூந்து தூக்கிருவான்."

"சரி. ஃபிரிட்ஜயும் விடப்போறதில்ல, ஒன்னயும் விடப்போறதில்ல. பாத்துக்கலாம்."

சனிக்கிழமை ஆற்றுப்பக்கமிருந்து அடித்த காற்றில் பனித்துகள் மணல்போல முகத்தில் அறைந்தது. மைதானம் பாதி சேறு, மீதி சேறாவதற்குக் காத்திருந்தது. கிழக்குப் பக்கத்து மரப்பலகைகள் முழுக்க வடக்கு முனைதான். பாதர் கறுப்பு அங்கியின்மேல் அணியின் நிறத்தில் கம்பளித்துண்டு போட்டிருந்தார். பெண்கள் கம்பளிக்குள் பொதிந்து கொண்டுவந்த பெரோகியை வெங்காயத்தோடு கைமாற்றினார்கள். ரெஜைனாவிலிருந்து வந்த ரசிகர்கள் நாலு பேர் தவறிப்போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கிடைத்தது.

வசில் கணுக்கால் வரைக்கும் தொங்கும் ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டுத் தோஸ்யாவோடு முன்பலகையில் உட்கார்ந்திருந்தான். கோட்டு கழுத்துவரை பொத்தானிடப்பட்டிருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தான். அவன் எப்போதுமே கொஞ்சம் அகலமாகத் தெரிகிறவன் என்பதால் ஹாட்லி கவனிக்கவில்லை. சட்டை எங்கே என்று மட்டும் கேட்டார். துவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன், நேரம் வரும்போது எடுத்துக் காட்டுகிறேன் என்றாள் தோஸ்யா. அவள் மடியில் துணி மூடிய கூடை இருந்தது. அதில் என்ன என்று அவர் கேட்கவில்லை. கூடையோடு வரும் பெண்கள் அந்தப் பக்கத்தில் நூறு பேர் இருந்தார்கள்.

முதல் பாதியில் லைலை ரெஜைனாவின் முன்வரிசைக்காரன் ஒருவன் மூன்று முறை மல்லாத்தினான். அந்த ரெஜைனாக்காரனுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. நான்காம் முறை லைல் தானே முன்கூட்டி உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு தடவையும் வசிலின் தோள் கோட்டுக்குள் அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோஸ்யாவுக்கு அது இடித்தது.

இடைவேளையில் வாத்தியக் குழு வாசித்தது. லாரி சேற்றில் இரண்டு முறை சிக்கி நடுமைதானத்துக்கு வந்தது. மேலே சிவப்பு நாடா கட்டிய வெள்ளை ஃபிரிட்ஜ், அதற்குப் பக்கத்தில் அது சாயாமலிருக்க அணைத்துப் பிடித்தபடி இல்கோ. ஹாட்லி பேசினார். விசுவாசம் என்றார், வியர்வை என்றார், ஓய்வு என்றார். ஓய்வு என்ற சொல்லை மூன்று விதமாகச் சொன்னார். ரோஜாக்களைக் கொடுத்தார், மைக்கைக் கொடுத்தார்.

தோஸ்யா பூவை வசிலிடம் கொடுத்துவிட்டு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி" என்றாள்.

ஹாட்லி தலையாட்டினார். இதுவரை சரி.

"ஃபிரிட்ஜு நல்லா இருக்கு. எடுத்துக்கறோம். என் வீட்டுக்காரர் ஆட்டத்த விட்டுட்டார்னு இவர் இப்ப சொன்னார். எனக்கு அந்த விஷயம் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சா சொல்லி அனுப்பறோம்."

ஹாட்லி மைக்குக்காகக் கையை நீட்டினார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். வயர் நீளமாகத்தான் இருந்தது.

"சட்டை எங்கன்னு கேட்டார். இந்தா இருக்கு."

வசில் பூங்கொத்தை வாத்தியக் குழுவின் பெரிய பித்தளைக் குழலுக்குள் செருகிவிட்டுக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான். கோணல் விரல்கள், கனத்த துணிப்பட்டை; மெதுவாகத்தான் கழன்றன. அத்தனை சனமும் பொறுமையாகப் பார்த்தது. கோட்டு கீழே விழுந்தபோது உள்ளே தோள்கவசம், சட்டை, எண், எல்லாம் முறையாக இருந்தன. தோஸ்யா கூடைத் துணியை விலக்கித் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

அப்போது கிழக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் அடிக்குரலில் தொடங்கினார். மணி அடிக்கிறவர் என்று பிற்பாடு சொன்னார்கள். பலகை பலகையாக எழுந்து நின்றார்கள். பெண்கள் மேலே ஒரு சுருதி, ஆண்கள் கீழே ஒரு சுருதி, தேவாலயத்தில் பாடுகிற அதே பல்லாண்டு, அதே நிதானம். புரியாத மொழியில் ஏதோ இறுதி மரியாதை என்று நினைத்த ஹாட்லி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பனி தலையில் கொட்டக்கொட்ட, கடைசிவரை அசையாமல் நின்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைப் பிற்காலத்தில் வடக்கு முனை ஓரளவு மன்னித்தது.

ஆனால் பாட்டுப் பாடினால் கோச் ஆளை இறக்கிவிடுவாரா? இரண்டாம் பாதி முழுக்க வசிலை மைதானக் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தார். நேரம் கரைந்தது. கடைசியில், தாண்டினால் புள்ளிகள் கிடைக்கும் எதிரணியின் எல்லைக்கு ஒரு கஜம் முன்னால் பந்து வந்து நின்றது. மூன்று முயற்சிகளில் இரண்டு போய்விட்டன. இரண்டு முறையும் லைல் மல்லாந்தான்.

மூன்றாவதுக்கு ஆட்கள் வரிசையில் குனிந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வசில் நடந்துபோய், லைலுக்குப் பக்கத்தில் இருந்த அரை ஆள் இடத்தில் தன்னைச் செருகிக் குனிந்தான்.

"இது என் எடம், பெரியவரே" என்றான் லைல்.

"இருக்கட்டும். நானும் இருக்கேன்."

லைல் எழவில்லை. அவனுக்கும் ஓக்லஹோமாவில் பெண்டாட்டி பிள்ளை உண்டு. வசிலும் எழவில்லை. பந்து நகர்ந்தது, விசில் ஊதியது. நடுவர் ஆட்களை விரலால் சுட்டி எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். பதின்மூன்று. அபராதமாகப் பந்து ஐந்து கஜம் பின்னால் போயிற்று. பத்து வருஷத்தில் முதல் தடவையாக ரேடியோக்காரன் வசில் ஜூபாக்கின் முழுப்பெயரையும் உச்சரித்தான். அதிகப்படி ஆள் என்ற தகுதியில்.

கோச் மைதானக் கோட்டோரம் வந்து நின்றார். இரண்டு பேரில் ஒருவரை வெளியே அழைத்தாக வேண்டும். கிழக்குப் பக்கம் மறுபடி பாடத் தொடங்கியிருந்தது. ஆனால் அவர் பார்த்தது அந்தப் பக்கத்தை அல்ல. லைலின் முதுகைப் பார்த்தார். சட்டையின் பின்பக்கம் காலர் முதல் இடுப்புவரை அப்பிய சேறு. முன்பக்கம் சலவையிலிருந்து வந்ததுபோல் சுத்தம்.

"லைல், வெளிய வா" என்றார்.

தோஸ்யாவுக்கு அதன் பிறகு நடந்ததில் பாதிதான் தெரிந்தது. முன்வரிசைக்காரன் பெண்டாட்டிக்கு அவ்வளவுதான் தெரியும். வசில் குனிந்தான். கழுத்தில்லாதவன் குனிந்தான். வசில் அவனைவிடத் தாழக் குனிந்தான், சரிவில் வரும் பாளத்துக்குக் குனிவதுபோல. பந்து நகர்ந்ததும் ஒரு குவியல். குவியல் கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு மெல்ல, வேகனின் பக்கம் பாளம் போவதுபோல, முன்னால் போகத் தொடங்கியது. ஓடுகிறவன் வசிலின் முதுகையே பலகையாக மிதித்து எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தான். ரேடியோக்காரன் ஓடினவனின் பெயரைத் தொண்டை கிழியச் சொன்னான்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில், எல்லாருக்கும் அடியிலிருந்து, கழுத்தில்லாதவன்மேல் படுத்திருந்த வசில் எழுந்தான். எழுந்து அவனுக்கும் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். பண்பு மாறவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். வடக்கு முனையில் அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெறாதவருக்குப் பரிசு எதற்கு என்று ஹாட்லி லாரியைத் திருப்பிக் கடைக்கே ஓட்டச் சொன்னபோது, இல்கோவும் பெரோகிக்காரப் பெண்கள் ஒன்பது பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இறங்கச் சொன்னதற்கு, ஊர்வலம் என்றால் தெருவைச் சுற்றிவருவதுதான் எங்கள் வழக்கம் என்று இல்கோ பணிவாக விளக்கினான். லாரி ஆர்லிங்டன் பாலத்தைத் தாண்டி வடக்கே போயிற்று. பழைய ஐஸ்பெட்டியின் தட்டைத் தோஸ்யா அன்று கடைசி முறையாகக் கொட்டினாள்.

கோச் மறுவருஷப் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார். ஹாட்லிக்குத்தான் மனம் ஆறவில்லை. கண்ணாடிப் பெட்டி செய்து வந்துவிட்டதாம். நவம்பர் கடைசியில், சட்டையையாவது கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து ஒரு ஆளை அனுப்பினார். மெல்லிய காலணி போட்டு வந்திருந்த அந்த ஆளைத் தோஸ்யா கொல்லைப்புறம் அழைத்துப்போனாள்.

கொடியில் சட்டை தொங்கியது. தொங்கியது என்று சொல்வதற்கில்லை. விறைத்து, இரண்டு கையையும் அகட்டி, முன்னால் சாய்ந்து, யார்மேலோ பாயப்போவதுபோல் நின்றது. வந்தவர் தொட்டுப் பார்த்தார். தகரம்போல் சத்தம் கேட்டது. இழுத்துப் பார்த்தார். கொடியோடு ஒட்டியிருந்தது.

"கிழிச்சுராதீங்க" என்றாள் தோஸ்யா. "ஈரத்தோட போட்டேன், ஒறஞ்சுபோச்சு."

அவள் தினமும் காலையில் அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவந்ததை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"எப்பங்க உருகும்?"

"இந்த ஊர்லயா? மே மாசம் ஆயிரும்." அவள் கொடியைச் சரிபார்த்தாள், இடுக்கி இறுக்கமாகத்தான் இருந்தது. "மே மாசம் வாங்க. ஆனா அப்ப அவரு போட்டுட்டு இருப்பாரு."